இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா, சோலாரா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

துபாயில் இருக்கும் தம்பி போன வாரம் கூப்பிட்டான். அவன் அம்மை, எனக்குச் சித்தி, குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் தனியாக இருக்கிறாள். "அண்ணே, மழைக்காலம் வருதுல்லா. அம்மைக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் குடுக்கட்டா, ஜெனரேட்டர் எடுக்கட்டா? இங்க ரூமில ஒருத்தன் சோலார் போடச் சொல்லுதான், சப்சிடி உண்டாம்."

ஒவ்வோர் ஐப்பசியிலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கடையில் கேட்டால் கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் நல்லது என்று சொல்வார்கள். நான் மின்துறை ஆள் இல்லை. ஒக்கிப் புயலுக்குப் பிறகு 11 நாள் கரண்ட் இல்லாமல் இருந்தவன், அதற்கப்புறம் பயந்துபோய் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக் காசைத் தொலைத்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

ஒக்கியை வைத்தே பேசுவோம். 2017 நவம்பர் 29 அன்று அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் 30ஆம் தேதி காலை புயல். குமரிக்குத் தெற்கே கடலோடு கடலாக லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டது, நம் மண்ணில் கரையைக்கூடக் கடக்கவில்லை. அதற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் சீப்பால் வாரியதுபோல் சாய்ந்தன. எங்கள் வீட்டு மேற்கில் நின்ற ரப்பர் மரங்கள் வேரோடு விழவில்லை. ஒவ்வொன்றும் நெஞ்சளவில் ஒடிந்தது. அந்தச் சத்தம் சின்ன வெடிபோல இருக்கும், பத்து எண்ணுவதற்குள் அடுத்தது. மரம் விழுந்த இடத்திலெல்லாம் மின்கம்பமும் விழுந்தது. தாழ்வு மண்டலம் என்று கேட்டதற்கும் புயல் அடித்ததற்கும் நடுவில் ஒரு ராத்திரிதான். அந்த ராத்திரியில் மார்த்தாண்டம் போய் எதையும் வாங்கிவிட முடியாது.

இருட்டை இரண்டே நாளில் பழகிவிட்டோம். மூன்றாம் நாள் டேங்க் வறண்டது. முற்றத்தில் நிறைந்த கிணறு, பத்தடியில் தண்ணீர், எடுக்க வழியில்லை. மோட்டார் வந்த பிறகு கப்பியை யார் தொட்டார்கள்? அது அச்சோடு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கிணற்றுக்குப் போட்ட கம்பி மூடியின் பூட்டுக்குச் சாவி இல்லை. பூட்டை உடைத்து, கப்பியில் தேங்காயெண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டி, துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டி வெள்ளம் கோரினோம். பத்தாவது வாளியில் உள்ளங்கை அறுந்தது. (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். "புயலில் வெள்ளம் தீர்ந்துபோச்சு" என்று நான் சொன்னபோது சென்னை நண்பர் ஒருவர், அப்படியானால் நல்லதுதானே என்றார்.)

எடை போடும் அளவுகோல்கள்

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

கரண்ட் போவது மணிக்கணக்கா, நாள்கணக்கா? தினமும் போகிற ஒரு மணி நேரத்துக்கு வாங்கிய பொருளைப் புயலுக்கும் போதும் என்று நம்புவதுதான் பொதுவான தவறு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திறந்த கிணறென்றால் கடைசிக்குக் கையாலாவது எடுக்கலாம். போர்வெல்லுக்குள் நீர்மூழ்கி மோட்டார் என்றால் கரண்ட் இல்லாமல் ஒரு சொட்டு வராது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.

தீர்ந்தபின் எங்கிருந்து நிரப்புவது? பேட்டரி தீர்ந்தால் சார்ஜ், ஜெனரேட்டர் தீர்ந்தால் பெட்ரோல்.

வீட்டில் யார் இயக்குவார்கள்? சித்திக்கு அறுபத்தெட்டு வயது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டரை அவளிடம் கொடுப்பது, அம்மிக்கல்லைக் கையில் கொடுத்து அரைக்கச் சொல்வதைவிட மோசம்.

பதினோரு மாதம் சும்மா கிடந்த பின்பு, வேண்டிய அன்று வேலை செய்யுமா?

விலையை அளவுகோலாகச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன். கடைக்குக் கடை, வருடத்துக்கு வருடம் மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கரண்டே வேண்டாம் என்கிற ஏற்பாடு

சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கு இரண்டு, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இரண்டு, பேட்டரி போடும் ரேடியோ ஒன்று, கிணற்றுக்குக் கப்பியும் நல்ல தேங்காய்நார்க் கயிறும், மாடியில் கூடுதலாக ஒரு டேங்க். எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாய்க்குள் முடியும், அதில் பாதி டேங்குக்கு.

பவர் பேங்கில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வரும்போது கழிந்து, 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டரைத் தடவை நிரப்பும், அவ்வளவுதான். அதுவும் செல்போன் டவர் உயிரோடு இருந்தால்தான் பிரயோஜனம். டவருக்கும் பேட்டரி தீரும், டீசல் தீரும். ஒக்கியில் எங்கள் பகுதியில் கையில் சார்ஜ் இருந்தும் கூப்பிட முடியாமல் இருந்தோம். ரேடியோவைப் பட்டியலில் வைத்தது அதனால்தான்.

எல்லைப்புறத்தில் இருப்பதில் ஒரு வசதி. களியக்காவிளை தாண்டினால் கேரளம், வேறு மின்வாரியம். பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு எங்களுக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. நான் தெருவிலுள்ள எல்லோருடைய போனையும் பவர் பேங்கையும் ஒரு சாக்குப்பையில் போட்டு, பேர் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டி, பைக்கில் கொண்டுபோய் ஏற்றி வருவேன். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் பாதியாவது ஏறிவிடும்.

மாடி டேங்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மேலே ஏற்றி வைத்த தண்ணீர், சேமித்து வைத்த கரண்ட்தான். ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தால், நாலு பேர் வீட்டுக்கு 1,000 லிட்டர் ஐந்து நாள் வரும். அவ்வளவு டேங்க் ஏழெட்டாயிரம் ரூபாய். இதே வேலையைப் பேட்டரியில் செய்ய எவ்வளவு ஆகும் என்று கீழே பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனே முழுக்க நிரப்பிவிட வேண்டும். காலி டேங்க் காற்றில் பறக்கும், நிறைந்த டேங்க் ஒரு டன், நகராது.

இரண்டு: இன்வெர்ட்டர்

900 விஏ (ஒரே நேரத்தில் தாங்கும் சுமை) இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். (சேமிக்கும் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் 20,000 முதல் 28,000 வரை. நம் ஊரில் பாதி வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சித்தி சுவிட்ச் தட்டக்கூட வேண்டாம், தானாகவே மாறிக்கொள்ளும்.

பேட்டரியில் 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 1,200 கைக்கு வரும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஒன்று 30 வாட், வைஃபை பெட்டி 10 வாட், மொத்தம் 67. அப்படியென்றால் 17 மணி நேரம் தாங்கும். அதே இடத்தில் பழைய 75 வாட் விசிறி இரண்டு சுற்றினால் 187 வாட், ஆறு மணி நேரத்தில் கதை முடிந்தது. பேட்டரியைப் பெரிதாக்கும் முன் விசிறியை மாற்றுங்கள். விசிறி மூவாயிரம் ரூபாய், பேட்டரி பதினைந்தாயிரம்.

கிணற்று மோட்டாரை இது ஓட்டாது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். 900 விஏ இன்வெர்ட்டர் ஒரு விக்கலோடு அணைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதில் அதிகம். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் விட மறந்தால் அதற்கும் முன்பே. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், ஆகவே காற்றோட்டமில்லாத படுக்கையறை மூலையில் வைக்கக்கூடாது. புயலுக்குப் பிந்தைய இரண்டாம் நாள் பேட்டரி முழுக்கத் தீர்ந்து, பிறகு ஒரு வாரம் அப்படியே சார்ஜ் இல்லாமல் கிடந்தால் உள்ளே சல்பேட் படிவு இறுகி, பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. ஒக்கியில் என்னுடையது அப்படித்தான் போனது. வாங்கி ஒன்றரை வருடம். லித்தியம் வகை இதைத் தாங்கும், சீக்கிரம் சார்ஜும் ஏறும். விலை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு.

சில மணி நேரம் போய் வருகிற கரண்ட் வெட்டுக்கும் புயலின் முதல் ராத்திரிக்கும் இன்வெர்ட்டரை மிஞ்ச எதுவுமில்லை. இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து அது ஒரு கனமான பெட்டி.

மூன்று: ஜெனரேட்டர்

1 எச்.பி. மோட்டாரை இழுக்க 2.5 முதல் 3 கேவிஏ, அதாவது 2,500 முதல் 3,000 விஏ வேண்டும். பெட்ரோலில் ஓடுவது, 40,000 முதல் 80,000 வரை. பெட்ரோல் இருக்கும்வரை நாள்கணக்கெல்லாம் அதற்கு இல்லை.

பெட்ரோல் இருக்கும்வரை என்பதுதான் சிக்கல். நடுத்தரச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். ராத்திரி முழுக்க விசிறிக்காக ஓட்டினால் எட்டு லிட்டர், 800 ரூபாய்க்கு மேல். புயல் கழிந்த மறுநாள் பங்கில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அப்படிச் செலவழிக்க மாட்டார்கள். முன்கூட்டியே கன்னாசில் வாங்கிக் குவித்து வைப்பதும் வேண்டாம். வீட்டுக்குள் தீ அபாயம், தவிர இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துச் சில மாதத்தில் கெடும், கார்புரேட்டரில் பசையாகப் படியும். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டி வைக்காத ஜெனரேட்டர், வேண்டிய அன்று கயிறு இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

இதில் இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. மழை என்று வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ வைத்து ஓட்டாதீர்கள். அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னல் கதவிலிருந்து இருபதடி தள்ளித் திறந்த வெளியில், மேலே தகரம் மறைத்து. இரண்டாவது, இருபுறமும் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயிண்டில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கும் கைவேலை. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் உயர்ந்து, கம்பத்தில் ஏறி நம் லைனைச் சரிசெய்யும் ஊழியரைக் கொல்லும். லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிக்கும் மாற்றுச் சுவிட்ச் வைத்து எலக்ட்ரீஷியனைக் கொண்டு முறையாக இணைக்க வேண்டும். அதற்கு மூவாயிரம் நாலாயிரம் ஆகும். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

1,000 லிட்டர் டேங்க் நிரப்ப மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் போதும். அரை லிட்டர் பெட்ரோல், ஐந்து நாளைக்கு ஒரு முறை. அப்படியானால் ஒரு வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் எதற்கு? எங்கள் தெருவில் ஒக்கிக்குப் பிறகு ஐந்து வீட்டார் சேர்ந்து ஒன்று எடுத்தோம். என் வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது. வேண்டும்போது நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போகும். சண்டை வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் கல்யாணத்துக்குச் சீரியல் விளக்கு எரிக்க எடுத்துப்போனதில் பெரிய பேச்சு வந்தது. என்றாலும் ஆளுக்கு 12,000 ரூபாயில் முடிந்தது.

தனி ஜெனரேட்டர் எடுத்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. நீர்மூழ்கி மோட்டார் மட்டுமே உள்ள வீடு, கோழிப்பண்ணை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) ஆள் இருக்கும் வீடு. கடைசியாகச் சொன்ன கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டர் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

நான்கு: சோலார்

துபாய் ரூம்காரர் சொன்ன சப்சிடி உண்மைதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஆனால் அதில் பெரும்பாலும் போடுவது மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத வகை. லைனில் கரண்ட் போனதும் உச்சி வெயிலிலும் அது அணைந்துவிடும். லைனில் வேலை செய்கிறவரைக் காப்பாற்ற அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் பில்லுக்கு அது நல்ல முதலீடு, புயலுக்குச் சல்லிக்காசு உதவாது. மாடி நிறையப் பேனல் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றியவர்களை எனக்குத் தெரியும்.

புயலுக்கு வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை. 3 கிலோவாட்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இரண்டு சிறிய பேனலும், பேட்டரிக்கு அளவோடு சார்ஜ் ஏற்றும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலரும். இரண்டும் சேர்ந்து 330 வாட் அளவு, 15,000 முதல் 20,000 வரை. நல்ல வெயிலில் நாளைக்கு ஒரு யூனிட் (1,000 வாட்-மணி), அதாவது மேலே சொன்ன விளக்கு, விசிறிக் கணக்கில் பதினைந்து மணி நேரம். மேகம் மூடிய நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. ஆனால் பேட்டரி முழுக்கச் செத்துக் கிடக்காது. என் பழைய பேட்டரி போன வழியை இது அடைத்துவிடுகிறது.

நம் ஊரில் இதற்கு இடைஞ்சல் நிழல். தெற்கில் ஒரு தென்னை மரம் நின்றால் பேனலின் ஒரு ஓரத்தில் விழும் நிழலே விளைச்சலைப் பெருமளவு குறைத்துவிடும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருவேறும், துத்தநாகப் பூச்சு உள்ளதாகவே கேளுங்கள். ஓட்டுக் கூரையில் வைக்கவே வேண்டாம். கான்கிரீட் மாடியில் போல்ட் இறுக்கியிருந்தாலும், சிறிய பேனல் என்றால் எச்சரிக்கை வந்ததும் கழற்றிப் படிக்கட்டடியில் சாய்த்து வைத்துவிடலாம். பெரியதில் அது முடியாது.

ஒரு பார்வையில்

| | முதல் செலவு | எவ்வளவு நேரம் | 1 எச்.பி. மோட்டார் | வயதானவர் தனியாக |
|---|---|---|---|---|
| கரண்ட் இல்லா ஏற்பாடு | 15,000க்குள் | டேங்க் இருக்கும்வரை | கப்பிதான் | கோர ஆள் வேண்டும் |
| இன்வெர்ட்டர் | 20,000–28,000 | 6–17 மணி | ஓடாது | எளிது |
| ஜெனரேட்டர் | 40,000–80,000 | பெட்ரோல் இருக்கும்வரை | ஓடும் | முடியாது |
| இன்வெர்ட்டர் + சிறிய பேனல் | 35,000–48,000 | வெயிலைப் பொறுத்து நாள்கணக்கில் | ஓடாது | எளிது |
| லைனோடு இணைந்த சோலார், பேட்டரி இன்றி | சப்சிடி போக ஒரு லட்சத்துக்கு மேல் | பூஜ்யம் | ஓடாது | பேச்சே இல்லை |

சித்தி வீட்டுக்கு

திறந்த கிணறு, 1 எச்.பி. மோட்டார், 500 லிட்டர் டேங்க், கான்கிரீட் வீடு, தெற்கில் நிழல் இல்லை. சித்திக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள். திறக்காத பிரிட்ஜ் நாலு மணி நேரம்தான் குளிர் காக்கும், அதன் பின் பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவை மண்பானை ஈரத்துக்குள் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். திறந்த இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். அவளுடைய மருந்துக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்கச் சொன்னேன்.

தம்பியிடம் சொன்னது: ஜெனரேட்டர் வேண்டாம். இன்வெர்ட்டரும் இரண்டு பேனலும், கூட ஒரு 1,000 லிட்டர் டேங்க். படுக்கையறை விசிறியை மாற்று. எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்துக்குள் வரும், அந்த ரூம்காரர் சொன்ன சோலாரைவிடக் குறைவு. பக்கத்து மூன்று வீட்டில் பேசி ஜெனரேட்டருக்குப் பங்கு சேர முடியுமா என்று நான் பார்க்கிறேன். ஒரு வீட்டார் சம்மதித்தாயிற்று. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, இரண்டையும் நாட்காட்டிக்குப் பின்னால் பெரிதாக எழுதிவிட்டேன், போனில் சேமித்தால் சார்ஜ் போன பிறகு பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கப்பியைக் கழற்றினேன். சித்தி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மோட்டார் இருக்கச்சில இது எதுக்கு மக்களே?" என்றாள். அச்சில் கிரீஸ் வைத்து மாட்டி, புதுக் கயிற்றில் வாளியை விட்டு ஒன்று கோரிக் காட்டினேன். எழுந்து வந்து கயிற்றை வாங்கினாள். நாற்பது வருடப் பழக்கம், ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே வந்தது. பாதி வாளிதான் எடுத்தாள், முழுசு முடியாது என்றாள். அதனால் அங்கே வாளியைச் சின்னதாக மாற்றியிருக்கிறோம்.